ஒயில் குறைந்தால் உடனே எஞ்சினை இறக்க வேண்டாம்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக் கார்களுக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும், வரியோடு சேர்ந்த விலை மன்னாரில் கடலையும் வயலையும் மாதச் சம்பளத்தையும் நம்பி வாழும் குடும்பங்களுக்குக் கிட்டப் போக முடியாததாகவே இருக்கிறது. அதனால் 110 கொரோல்லா, 121 கொரோல்லா, சனி, லான்சர், மாருதி, டவுன்ஏஸ் என்று பழைய வாகனங்கள்தான் இன்னும் இங்கே உழைக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு ஒன்று: “கார் ஒயில் குடிக்குது.” கராஜில் அடிக்கடி கிடைக்கும் பதிலும் ஒன்று: “ரிங் போயிட்டுது, எஞ்சின் இறக்கவேணும்.”

அந்தப் பதில் சில வேளைகளில் சரி. ஆனால் எதையும் அளக்காமல், எதையும் சோதிக்காமல் அதைச் சொல்வது சரியல்ல. எஞ்சினை இறக்கி ரிங் மாற்றும் செலவு ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு. சில நூறு ரூபாய்ச் சாமான் ஒன்றை மாற்றித் தீர்க்கக்கூடிய குறைக்கு அந்தப் பணம் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒயில் எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையின் முற்பகுதியை வாகனச் சொந்தக்காரரே வீட்டு முற்றத்தில் செய்துவிடலாம்.

முதலில், எவ்வளவு குறைந்தால் அதிகம்? ஓடும் எந்த எஞ்சினும் கொஞ்சம் ஒயிலை எரிக்கும். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது சிலிண்டர்ச் சுவரில் மெல்லிய ஒயில் படலம் இருந்தாக வேண்டும். அதில் ஒரு பங்கு ஒவ்வொரு முறையும் நெருப்போடு போய்விடும். ரொயோட்டாவின் பாவனைக் கையேடுகள் பலவற்றில் 1000 கிலோமீற்றருக்கு 1 லீற்றர் என்பதே உச்ச வரம்பாகத் தரப்பட்டிருக்கிறது. இது தாராளமான எண். உத்தரவாதத்தின் கீழ் யாரும் வழக்குக்கு வராதபடி கம்பனி வைத்துக்கொண்ட எல்லை என்றே நான் கருதுகிறேன். நல்ல நிலையில் உள்ள பழைய எஞ்சின் ஒன்றுக்கு, 5000 கிலோமீற்றர் சேர்விஸ் இடைவெளிக்குள் அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை ஊற்ற நேர்ந்தால் பதற்றப்பட எதுவுமில்லை. 1000 கிலோமீற்றருக்கு அரை லீற்றரைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். ஒரு லீற்றரை எட்டினால் தேடுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆகவே அளவு வேண்டும். “ஒவ்வொரு மாதமும் ஊத்துறன்” என்பது அளவு ஆகாது. தட்டையான இடத்தில் காரை நிறுத்துங்கள். மன்னாரில் அதற்குப் பஞ்சமில்லை. ஓடி வந்த எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கைத் துடைத்து மீண்டும் செருகிப் பாருங்கள். மேல் கோடு வரை நிரப்பி, கிலோமீற்றர் எண்ணை எழுதி வையுங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு லீற்றர். 1000 கிலோமீற்றர் ஓடிய பின் அதே இடத்தில், அதே முறையில் மீண்டும் பார்த்து, மேல் கோட்டுக்கு வர எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அளவுப் போத்தலால் ஊற்றிக் கணக்கிடுங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. கூடுதலாக உள்ள ஒயிலைக் கிராங்க் அடித்துத் தெறிக்கவைக்கும், அது மூச்சுக் குழாய் வழியாகப் போய் எரியும். ஒயில் அதிகம் எரிகிறது என்று பயந்து அதிகமாக ஊற்றி, அதனாலேயே அதிகம் எரிகிற கார்களும் உண்டு.

இந்த அளவை மிகப் பெரிய கம்பனிகளும் இப்படித்தான் எடுக்கின்றன. ரொயோட்டாவின் 2.4 லீற்றர் 2ஏஇசட் எஞ்சின், அமெரிக்காவில் 2007 முதல் 2009 வரையான கேம்ரிகளில் ஒயில் குடிக்கிறது என்று முறைப்பாடு குவிந்தபோது, விற்பனை நிலையங்கள் செய்த சோதனை இதுதான்: ஒயிலை நிரப்பி, 1200 மைல் ஓட்டிவரச் சொல்லி, மீண்டும் அளப்பது. அந்தத் தூரத்துக்கு ஒரு குவாட், அதாவது ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவு, போயிருந்தால் பிஸ்டனையும் ரிங்குகளையும் மாற்றிக் கொடுத்தார்கள். 2015இல் அதற்கென்று உத்தரவாதக் காலத்தையே நீட்டினார்கள். இலங்கையில் ஓடும் ஹரியர், எஸ்டிமா சிலவற்றில் இருப்பது இதே எஞ்சின் குடும்பம். அதற்கு முன் வந்த 1.8 லீற்றர் 1இசட்இசட் எஞ்சினிலும் (விஷ் கார்களில் இருப்பது) இதே வகைக் குறை இருந்தது: ஒயில் ரிங்குக்குப் பின்னால் பிஸ்டனில் உள்ள வடிகால் துளைகள் போதாமல் கரியால் அடைபட்டன. இந்த விவரத்தைப் பின்னால் மீண்டும் எடுப்போம், ஏனென்றால் கராஜ்களில் நடக்கும் ஒரு தவறான முடிவுக்கு இதுவே வேர்.

அளவெடுக்கும்போது மன்னார்த் தீவுக்குள் மட்டும் ஓடும் கார் ஏமாற்றும். வீட்டிலிருந்து சந்தை, கோயில், பள்ளிக்கூடம் என்று இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓடி நிற்கும் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெற்றோல் போகும். எரியாத பங்கு ரிங்குகளைத் தாண்டி ஒயிலில் கலக்கும். ஒரு பக்கம் ஒயில் குறைய, மறுபக்கம் பெற்றோல் கலக்க, டிப்ஸ்டிக்கில் மட்டம் அப்படியே நிற்கும். அந்தக் கார் ஒரு நாள் கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றர் ஓடும்போது எஞ்சின் நன்றாகச் சூடாகி, கலந்திருந்த பெற்றோல் ஆவியாகிப் போய்விடும். திரும்பி வந்து பார்த்தால் அரை லீற்றரைக் காணவில்லை. ஒரே பயணத்தில் எஞ்சின் கெட்டுவிடவில்லை. மாதக்கணக்கில் மறைந்திருந்த குறைவு அன்றைக்கு வெளியே தெரிந்தது. டிப்ஸ்டிக்கை மணந்து பாருங்கள். பெற்றோல் மணம் தூக்கலாக இருந்தால் அளவைத் தொடங்கும் முன் ஒயிலை மாற்றிவிடுங்கள்.

வடக்கில் மூத்த தலைமுறைக்கு இது புதிதல்ல. 1990க்குப் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமற்போன ஆண்டுகளில், யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மொரிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேட்டருக்குள் துளி பெற்றோல் விட்டு எஞ்சினைப் பிடிக்க வைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. அது சிலிண்டர்ச் சுவரின் ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஒயிலை நீர்க்கவைத்தது. மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறிய வாகனங்களும் இருந்தன. மட்டத்தை மட்டும் பார்த்தவர் தப்புக்கணக்குப் போட்டார். தடிப்பையும் மணத்தையும் பார்த்த மெக்கானிக்குகள் அந்த எஞ்சின்களைக் காப்பாற்றினார்கள். அவர்களுடைய அந்தப் பார்வை இன்றும் வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டாஷ்போர்டில் எரியும் சிவப்பு ஒயில் விளக்கு பெரும்பாலான பழைய கார்களில் மட்டத்தைக் காட்டுவதல்ல, அழுத்தத்தைக் காட்டுவது. அது எரியும்போது பம்புக்கு ஒயில் எட்டவில்லை, அதாவது பெயரிங்குகள் ஏற்கெனவே உலர்ந்து உரசுகின்றன என்று பொருள். “விளக்கு எரியேல்லை, ஒயில் இருக்குது” என்ற நம்பிக்கையில் மதவாச்சி வரை ஓடிப் பெயரிங் கட்டிய எஞ்சின்கள் ஒயில் எரிந்ததால் சாகவில்லை. பார்க்காததால் செத்தன.

அளவு கையில் வந்ததும் அடுத்த கேள்வி: ஒயில் வெளியே ஒழுகுகிறதா, உள்ளே எரிகிறதா? வெளியே என்றால் மன்னாரின் மண்ணே சாட்சி சொல்லும். சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை எஞ்சினில் எங்கெல்லாம் ஒயில் ஈரம் இருக்கிறதோ அங்கெல்லாம் மணல் ஒட்டிக் கெட்டியாகும். எஞ்சினைக் கழுவிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மணல் எங்கே முதலில் ஒட்டுகிறதோ, ஒழுக்கு அதற்குச் சற்று மேலே இருக்கும். டபெட் கவர் கஸ்கட், டிஸ்ரிபியூட்டரின் இறப்பர் வளையம், ஒயில் அழுத்த சுவிட்ச், சம்ப் நட்டின் வொஷர், கிராங்கின் முன் சீல், கிளச் பக்கத்துப் பின் சீல் ஆகியவைதான் வழக்கமான இடங்கள். கடலோரத்தில் நிற்கும் வாகனங்களில் சம்பின் அடித்தகடே உப்பில் துருப்பிடித்துக் கசிவதும் உண்டு. இரவில் காருக்கு அடியில் மட்டை விரித்து வைப்பது நல்ல பழக்கம். ஆனால் காலையில் மட்டை சுத்தமாக இருப்பதால் ஒழுக்கு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. ஓடும்போது அழுத்தத்தில் மட்டும் ஒழுகும் இடங்கள் இருக்கின்றன. தீவில் பலரும் குடிப்பதும் குளிப்பதும் மணலுக்குள் சில அடி ஆழத்தில் கிடக்கும் நன்னீரில். கிணற்றடியில் நிறுத்தும் காரின் ஒழுக்கை அலட்சியம் செய்ய இந்த ஒரு காரணத்துக்காகவே இடமில்லை.

சீல்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றியும் ஒழுக்கு திரும்பி வந்தால், சீலில் குற்றமில்லை. பிசிவி வால்வைப் பாருங்கள். ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை மீண்டும் உறிஞ்சி எரிக்க அனுப்பும் சிறிய வால்வு அது. டபெட் கவரில் செருகியிருக்கும். அது அடைபட்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, பலவீனமான சீல் வழியாக ஒயிலைத் தள்ளும். திறந்தபடியே சிக்கிக்கொண்டால் ஒயில் ஆவியையும் சேர்த்து உறிஞ்சி எரித்துவிடும். கழற்றிக் காதருகே குலுக்கினால் கிலுக்கென்று சத்தம் வர வேண்டும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது அதன் வாயில் விரலை வைத்தால் இழுவை தெரிய வேண்டும். எஞ்சினை இறக்கச் சொன்ன எவரிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “பிசிவி வால்வைப் பார்த்தீங்களா?” என்பதுதான். பார்க்கவில்லை என்றால் மற்ற எதையும் அவர் பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இனிப் புகை. நீலம் கலந்த புகை ஒயில். கறுப்பு, பெற்றோலோ டீசலோ கூடுதல். சூடான பின்பும் தொடரும் வெள்ளை, தண்ணீர் உள்ளே போகிறது. இதற்கு மேல் நிறம் அதிகம் சொல்லாது. எப்போது புகைக்கிறது என்பதே சொல்லும். இரவு முழுதும் நின்ற கார் காலையில் பிடித்ததும் ஒரு குபுக்குப் புகை விட்டுப் பிறகு தெளிந்தால், வால்வ் சீல் என்று சந்தேகியுங்கள். இறப்பரால் ஆன அந்தச் சீல்கள் சூட்டில் வயதாகி இறுகிவிடும். மேலே தேங்கிய ஒயில் வால்வுத் தண்டு வழியே இரவில் சொட்டி உள்ளே காத்திருக்கும். வால்வ் சீலுக்கு இன்னொரு சோதனை, இறக்கத்தில் அக்சிலரேட்டரை விட்டு எஞ்சின் பிடியில் இறங்கி மீண்டும் மிதிப்பது. அக்சிலரேட்டரை விடும்போதுதான் உறிஞ்சல் மிக வலுவாக இருக்கும். மன்னாரில் இறக்கமே இல்லை, ஆனால் ஏ14 வீதி நேராக இருக்கிறது. மாடும் கழுதையும் குறுக்கிடாத நேரத்தில், பின்னால் வாகனம் இல்லை என்று பார்த்து, மூன்றாம் கியரில் 60இல் ஓடி, அக்சிலரேட்டரைப் பத்து விநாடி விட்டு, பிறகு அழுத்துங்கள். பின்னால் வர ஒருவரை மோட்டார் சைக்கிளில் அமர்த்துங்கள். அழுத்தியதும் நீலக் குபுக்கு வந்தால் வால்வ் சீல் பக்கமே சாய்கிறது கணக்கு. மாறாக, பாரம் ஏற்றி இழுக்கும் நேரமெல்லாம் விடாமல் புகைத்து, ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வெளியே தள்ளினால், ரிங்.

வினையூக்கிச் சைலன்சர் உள்ள கார்களில் சிறிதளவு ஒயில் எரிவது கண்ணுக்கே தெரியாது; அது அந்தப் புகையை விழுங்கிவிடும். விழுங்கி விழுங்கி, ஒயிலில் உள்ள பொசுபரசால் அதுவே கெட்டுப்போகும். புகை இல்லை என்பதால் எரியவில்லை என்று சொல்ல முடியாததற்கு இது காரணம். இந்த இடத்தில் ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்துக்காக எடுக்கும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் உதவும். பெற்றோல் கார்களுக்கு அதில் ஐதரோக்காபன் அளவு இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுத் தாள்களைப் பக்கத்தில் வைத்து அந்த எண் ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். பெற்றோல் கலவை சரியாக இருந்தும் அது ஏறினால் ஒயிலும் ஒரு காரணமாக இருக்கலாம். பிளக்குகளையும் கழற்றிப் பாருங்கள். நாலில் ஒன்று மட்டும் ஒயிலில் நனைந்திருந்தால் அந்த ஒரு சிலிண்டரில்தான் வேலை.

இதன் பிறகே கம்பிரஷன் சோதனை. மானியை ஒவ்வொரு பிளக் துளையிலும் வைத்து அழுத்தத்தை அளப்பார்கள். ஒன்று மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்திருந்தால், அந்தத் துளைக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளப்பார்கள். அழுத்தம் ஏறினால் ரிங் கசிகிறது, ஏறாவிட்டால் வால்வு. இதுவரை எல்லாக் கராஜும் அறிந்தது. தவறு நடப்பது இதற்கு அடுத்த படியில். நாலு சிலிண்டரும் நல்ல அழுத்தம் காட்டினால், “ரிங் நல்லா இருக்குது, அப்ப வால்வ் சீல்தான்” என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பிஸ்டனில் மூன்று ரிங் உண்டு. மேல் இரண்டும் அழுத்தத்தைப் பிடிப்பவை. சுவரிலிருந்து ஒயிலை வழித்துக் கீழே அனுப்புவது மூன்றாவது, ஒயில் ரிங். மேல் இரண்டும் நலமாக இருக்க, மூன்றாவது மட்டும் கரியில் ஒட்டி அசையாமல் கிடக்கலாம். மானி நல்ல எண் காட்டும். கார் ஒயில் குடித்துக்கொண்டே இருக்கும். முன்பு சொன்ன 2ஏஇசட், 1இசட்இசட் இரண்டிலும் நடந்தது இதுவே. ஒயில் மாற்றும் இடைவெளியை நீட்டிக்கொண்டே போன எந்தக் காருக்கும் இது வரலாம்; 2022 நெருக்கடிக் காலத்தில் ஒயில் விலைக்குப் பயந்து அப்படி நீட்டியவர்கள் இங்கே குறைவல்ல, அவர்களைக் குறைசொல்லவும் முடியாது.

ஒட்டிய ரிங்குக்கு எஞ்சினை இறக்கும் முன் ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம். பிளக் துளை வழியாகப் பிஸ்டன் தலையில் கரி கரைக்கும் திரவத்தை விட்டு இரவு முழுதும் ஊறவைத்து, மறுநாள் எஞ்சினைச் சுற்றி அதை வெளியேற்றி, ஒயிலையும் வடிகட்டியையும் உடனே மாற்ற வேண்டும். பிறகு நல்ல ஒயிலை 2000, 3000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றி இரண்டு மூன்று சுற்றுப் பார்க்க வேண்டும். சிலவற்றில் குறைவு பாதியாகும், சிலவற்றில் அசையாது. வால்வ் சீல் என்று உறுதியானால், பல எஞ்சின்களில் ஹெட்டைக் கழற்றாமலே மாற்றலாம்: பிளக் துளை வழியாகக் கம்பிரஷர்க் காற்றை ஏற்றினால் வால்வுகள் கீழே விழாமல் நிற்கும், ஸ்பிரிங்கை அழுத்திச் சீலை மாற்றிவிடலாம். ஹெட்டை இறக்க வேண்டும் என்று சொன்னால் இந்த முறையைப் பற்றிக் கேளுங்கள்.

தடித்த ஒயில் ஊற்றினால் போதும் என்பது பாதி உண்மை. காபரேட்டர் காலத்து எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 பொருந்தும், குறைவும் சற்றுத் தணியும். விவிடி-ஐ போன்ற எஞ்சின்களில் ஒயிலின் வழிகள் மிக ஒடுங்கியவை. அங்கே கையேடு சொல்லும் தடிப்புக்குள்ளேயே, தேவைப்பட்டால் ஒரு படி மேலே, நிற்பது நல்லது. புகையை நிறுத்தும் என்று விற்கும் போத்தல்களில் பல வெறும் தடிப்பாக்கிகள். காரை விற்க வருகிறவர் அவற்றை ஊற்றியிருக்கலாம் என்பதை வாங்கப் போகிறவர் மறக்க வேண்டாம்.

ரிங்கும் சிலிண்டரும் உண்மையிலேயே தேய்ந்திருந்தால், ஏன் தேய்ந்தன என்ற கேள்வி மன்னாரில் மற்ற ஊர்களைவிட முக்கியம். தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் முப்பது கோபுரங்களோடு தம்பபவனிக் காற்றாலை இயங்கத் தொடங்கியது, இங்கே காற்று அவ்வளவு வலுவானது என்பதால். அதே காற்று பேசாலையிலும் தலைமன்னாரிலும் வீதிக்கு மேலே மணலை இழுக்கிறது. மணலில் கண்ணுக்குத் தெரிகிற பருமணி வடிகட்டியில் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூள்தான் ஆபத்து. அது ஒயில் படலத்துக்குள் புகும் அளவு சிறியது, சிலிண்டர் இரும்பைவிடக் கடினமானது. எயார் ஃபில்டரின் கடதாசியைக் கம்பிரஷர்க் காற்றால் அடித்தடித்துச் சுத்தம் செய்வது இங்கே வழக்கம். அப்படி அடிக்கும்போது கடதாசியில் நுண்துளைகள் விழும். பிறகு அது சுத்தமாகத் தெரியும், ஆனால் வடிகட்டாது. பெட்டியின் கிளிப் உடைந்து கம்பியால் கட்டியிருந்தாலும், அதன் பின்னால் உள்ள இறப்பர்க் குழாய் வெடித்திருந்தாலும் விளைவு அதே. ஃபில்டருக்குப் பின்னால், எஞ்சின் பக்கத்துக் குழாயின் உட்புறத்தை ஈர வெள்ளைத் துணியால் துடைத்து, துணியை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். நெறுநெறுவென்றால் மணல் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

தேய்மானம் உறுதியாகி எஞ்சினை இறக்குவது என்று முடிவானாலும், வெறும் ரிங் மாற்றத்துக்கு உடன்படும் முன் சிலிண்டரை மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் அளந்த எண்களைக் கேளுங்கள். கூம்பாகத் தேய்ந்த சிலிண்டருக்குள் புது ரிங் போட்டால் சில மாதத்தில் பழையபடி புகைக்கும். அதற்குப் போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும், அந்த வேலைக்கு லேத்துப் பட்டறை வேண்டும். 1000 கிலோமீற்றருக்கு அரை லீற்றர் அளவில் நின்று, புகைப் பரிசோதனையிலும் தேறும் கார் என்றால், எஞ்சினைத் தொடாமல் ஊற்றிக்கொண்டே ஓட்டுவதும் முறையான முடிவுதான்: ஒரு போத்தல் ஒயில் டிக்கியில், டிப்ஸ்டிக் வாரம் ஒருமுறை கையில். திருத்தியவர்கள் முதல் 1000 கிலோமீற்றருக்குள் ஒயில் சற்றுக் குறைவதைக் கண்டு பயப்பட வேண்டாம். ரிங் சுவரோடு பொருந்த அவ்வளவு ஓட்டம் வேண்டும். அந்தத் தூரத்தில் ஒயிலையும் வடிகட்டியையும் மாற்றி, எயார் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பையும் இறப்பரையும் புதிதாகப் போட்டு, மேல் கோடு வரை நிரப்பி, கிலோமீற்றர் எண்ணை எழுதி, அளவை மீண்டும் தொடங்குங்கள்.